உப்பிடாத கிண்ணம்

பூசான் நகரத்துப் பன்றிச்சாற்றுச் சோறு உப்பில்லாமல்தான் மேசைக்கு வரும். துவேஜி குக்பாப் என்று பெயர். பன்றியின் எலும்பைப் பல மணிநேரம் கொதிக்கவைத்து இறக்கிய வெளுத்த சாறு, அதில் மெல்லிய சீவல்களாக வெந்த கறி, அடியில் சோறு. கருத்த மண்சட்டியில் கொதி அடங்காமலே வந்துசேரும். முதல் கரண்டி வாயில் எதையும் சொல்லாது. கொழுப்பின் மெல்லிய இனிப்பும் எலும்பின் மணமும் மட்டும் இருக்கும். உப்புப் போட மறந்துவிட்டார்கள் என்று நம் ஊர் நாக்கு உடனே தீர்ப்பு எழுதிவிடும். யாரும் மறக்கவில்லை. சட்டியைச் சுற்றிச் சிறு கிண்ணங்கள் வந்திருக்கும்: உப்பில் ஊறிப் புளித்த சிற்றிறால், மிளகாய் விழுது, மிளகாய்ப்பொடியில் பிரட்டிய பூண்டு மணக்கும் தழை, முள்ளங்கிக் கிம்ச்சி, நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், அதைத் தொட்டுக்கொள்ளச் சோயா விழுது, உருண்டையாகச் சுருட்டிவைத்த கோதுமைச் சேமியா. சமையலின் கடைசி வேலையைச் சாப்பிடுகிறவரிடம் விட்டுவிடுகிறார்கள்.

உப்பிட்டவரை உயிருள்ளவரை நினைக்கச் சொல்லி வளர்க்கப்பட்டவனுக்கு இது கொஞ்சம் சங்கடமான ஏற்பாடு. இங்கே யாரும் எனக்கு உப்பிடவில்லை. நானே போட்டுக்கொண்டேன். யாரை நினைப்பது?

சொம்யோன் சந்தையில் இந்தக் கடைகளுக்கென்றே ஒரு சந்து இருக்கிறது. தென்கொரியாவின் இரண்டாவது பெரிய நகரத்தின் நடுமையம் அந்தப் பகுதி. கீழே இரண்டு சுரங்க ரயில் பாதைகள் சந்திக்கின்றன. மேலே மூக்கையும் இமையையும் திருத்தித் தரும் மருத்துவமனைகளின் விளம்பரங்கள் மாடி மாடியாக ஒளிர்கின்றன. அதிலிருந்து விலகிச் சந்தைக்குள் நுழைந்தால் கடை வாசல்களிலேயே அண்டாக்கள் கொதித்துக்கொண்டிருக்கும். நீராவி சந்தின் குறுக்கே போய் எதிர்க்கடைக் கண்ணாடியில் படிகிறது. வெந்த கறியைப் பலகையில் வைத்துப் பெண்கள் சீவிக்கொண்டே இருக்கிறார்கள், நிமிர்ந்து பார்ப்பதில்லை. எந்தக் கடைக்குள் நுழைவது என்று வாசல் அண்டாவைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். பெயர்ப்பலகைகளை நம்பிப் பயனில்லை, எல்லாமே பழமை பேசுகின்றன.

கொரியாவில் தனியாகச் சுற்றுகிறவருக்குச் சாப்பாடு ஒரு சிக்கல். மேசை நடுவில் அடுப்பு வைத்துக் கறி சுடும் கடைகளில் குறைந்தது இருவருக்கான அளவு வாங்கச் சொல்வார்கள். அகன்ற சட்டியில் கொதிக்கும் குழம்பு வகைகளும் பெரும்பாலும் அப்படித்தான். அந்த மேசையே கூட்டத்துக்காக அமைந்தது. தொடுகறிகள் நடுவில் இருக்கும், எல்லாருடைய குச்சிகளும் அங்கே போய் வரும். குக்பாப் அப்படியில்லை, ஒற்றை ஆளுக்கான உணவு. சந்தைக்குச் சரக்கு இறக்க வந்தவர், டாக்சி ஓட்டுபவர், இரவுப் பணி முடித்துத் திரும்புகிறவர், முந்தின இரவு குடித்ததை வயிற்றிலிருந்து இறக்கவேண்டியவர் என்று ஒவ்வொருவராக வந்து உட்கார்கிறார்கள். சட்டி வருகிறது. பத்து நிமிடம், மிஞ்சினால் பதினைந்து. எழுந்துவிடுகிறார்கள்.

பயணக் கட்டுரைகளில் ஒரு பாட்டி கட்டாயம் வருவார். அந்நியனைக் கண்டதும் அவர் முகம் மலரும். கையைப் பிடித்து உட்காரவைப்பார். கூடுதலாக ஒரு கரண்டி ஊற்றுவார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாமலே இருவரும் மனம்விட்டுப் பேசிக்கொள்வார்கள். எனக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை. கடைக்குள் போனதும் ஒரு பெண்மணி ஒரு விரலை உயர்த்திக் காட்டினார், ஒருவர்தானா என்று. ஆமென்று தலையசைத்தேன். அதற்குமேல் என்னோடு அவருக்கு வேலை இல்லை. மேசைக்கு அடியில் இழுப்பறை, அதற்குள் கரண்டியும் உலோகக் குச்சிகளும். எடுத்துக்கொள்ள வேண்டியது நான். தண்ணீர் ஒரு மூலையில். ஊற்றிக்கொள்ள வேண்டியதும் நான். கிம்ச்சி தீர்ந்தால் போய் அள்ளிக்கொள்ளலாம், காசு கிடையாது. எந்த நாடு, என்ன வேலை, கல்யாணம் ஆயிற்றா, பன்றி சாப்பிடுவீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. மூலையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அதையும் யாரும் பார்க்கவில்லை.

இந்தக் கண்டுகொள்ளாமை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உபசரிப்பில் எப்போதும் ஒரு கேள்வி ஒளிந்திருக்கும். வந்தவர் யார் என்று தெரிந்த பிறகுதானே எவ்வளவு சிரிப்பது என்று முடிவாகும்? நம் ஊரில் இலை போடுவதற்கு முன்பே அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது. இங்கே கணக்குப் போட நேரமில்லை. அண்டா கொதித்துக்கொண்டே இருக்கிறது, மேசை காலியாகவேண்டும். அவசரத்தில் பிறந்த மரியாதை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

எப்படிச் சாப்பிடுவது என்று எதிர்மேசைக்காரரைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். முதலில் வெறும் சாற்றை இரண்டு வாய் குடித்தார். பிறகு இறாலைக் குச்சி நுனியில் கொஞ்சம் எடுத்துப் போட்டுக் கலக்கினார். மறுபடி ஒரு வாய். கொஞ்சம் யோசித்தார். இன்னும் நாலு இறால். தழையை மொத்தமாகக் கவிழ்த்து அழுத்தினார். சேமியாவைச் சோற்றுக்கு முன்பே முடித்தார். மிளகாய் விழுதைத் தொடவே இல்லை. பக்கத்து மேசை இளைஞன் அதே விழுதை அள்ளிப் போட்டுச் சட்டியைச் செக்கச்செவேல் என்று ஆக்கிவைத்திருந்தான். ஒரே அண்டாவிலிருந்து வந்த இரண்டு சட்டிகள் அவை; அரை நிமிடத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் போய்விட்டன.

அந்த இறாலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். நம் கடற்கரையில் கூனி என்கிறோமே, அந்த இனத்தின் உறவுதான். நாம் வெயிலில் காயவைக்கிறோம். அவர்கள் உப்பில் போட்டு மாதக்கணக்கில் ஊறவைக்கிறார்கள். ஆறாம் மாதத்தில் பிடித்த இறாலில் போட்டது உசத்தி என்று அதற்குத் தனி விலை. பன்றிக் கொழுப்பை அது செரிக்கவைக்கும் என்று கொரியர் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு வயிற்றைவிட நாக்கு முக்கியமாகப்பட்டது. வெறும் உப்பு போட்டால் சாறு உப்புச்சாறாக ஆகும், அவ்வளவுதான். இந்த இறால் விழுந்ததும் அடியில் கிடந்த கறியின் இனிப்பு மேலே வருகிறது. தரையில் வளர்ந்த பிராணிக்குக் கடல் வந்து உப்பிடுகிறது. துறைமுக நகரத்துக்கு இதைவிடப் பொருத்தமான சாப்பாடு இருக்கமுடியாது.

பழைய கடைகளில் சோற்றைச் சட்டிக்குள்ளேயே போட்டுத் தருகிறார்கள். அதற்கு ஒரு முறை உண்டு, தோரியோம் என்பார்கள். ஆறிய சோற்றைச் சட்டியில் போட்டுக் கொதிக்கும் சாற்றை அதன்மேல் ஊற்றுவது, சோறு விழாமல் கரண்டியால் அணைத்துச் சாற்றை மறுபடி அண்டாவிலேயே வடிப்பது, மறுபடி ஊற்றுவது. இப்படிப் பலமுறை. ஒவ்வொரு முறையும் பருக்கைக்குள் கொஞ்சம் சூடும் கொஞ்சம் சாறும் ஏறும். மின்சாரச் சோற்றுப்பானைகள் இல்லாத காலத்தில் காலையில் வடித்த சோற்றை மதியம் சூடாகக் கொடுக்கக் கண்டுபிடித்த வழி. இப்போது சோறு எப்போதும் சூடாகவே இருப்பதால் தனிக்கிண்ணத்தில் வைத்துவிடுகிறார்கள். பலரும் அதையே விரும்பிக் கேட்கிறார்கள். தோரியோம் செய்த சட்டியின் சோறுதான் எனக்குப் பிடித்தது. அது நாக்கைச் சுடுவதில்லை, குழைவதும் இல்லை. செய்கிற பெண்ணின் மணிக்கட்டுக்கு அது என்ன செய்யும் என்பதும் பார்க்கும்போதே தெரிகிறது.

இந்த உணவு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பூசான்காரர்கள் போரைக் காட்டுவார்கள். 1950 ஜூன் 25 அன்று போர் தொடங்கியது. சில வாரங்களில் நாடு முழுவதும் வடபடையின் கைக்குப் போய், தென்கிழக்கு மூலையில் பூசானைச் சுற்றிய பகுதி மட்டும் மிஞ்சியது. போரின் பெரும்பகுதிக்கும் இதுவே தற்காலிகத் தலைநகர். சீனப்படை இறங்கியபின், அந்த ஆண்டு டிசம்பரில், வடகிழக்கில் ஹங்நாம் துறைமுகத்திலிருந்து படைகளோடு ஏறத்தாழ ஒரு லட்சம் பொதுமக்களும் கப்பலேறினார்கள். மெரிடித் விக்டரி என்ற சரக்குக் கப்பல் பன்னிரண்டு பயணிகளுக்கு மட்டுமே இடமுள்ளது. அதில் பதினான்காயிரம் பேர். பூசானில் இனி இடமில்லை என்று திருப்பிவிட்டார்கள். பக்கத்துக் கொஜே தீவில் கிறிஸ்துமஸ் அன்று போய் நின்றது. வழியில் கப்பலில் ஐந்து குழந்தைகள் பிறந்தன. பெயர் கேட்டு எழுத மொழி தெரியாத அமெரிக்க மாலுமிகள் அவற்றை கிம்ச்சி 1 முதல் கிம்ச்சி 5 வரை என்று அழைத்தார்கள். அவர்கள் அறிந்திருந்த கொரியச் சொல் ஒருவேளை அது ஒன்றுதானோ என்னவோ.

பூசானில் இறங்க முடிந்தவர்கள் மலைச்சரிவுகளில் அட்டையும் தகரமும் கொண்டு குடியேறினார்கள். அமி-தோங்கில் ஜப்பானியர் விட்டுப்போன இடுகாட்டின்மேல் வீடு கட்டினார்கள். கல்லறைக் கற்களே அடித்தளமும் படிக்கட்டும் ஆயின. இன்றும் அங்கே போனால் சுவரில் பதிந்த எழுத்துக்களைப் பார்க்கலாம். இப்படி வந்து சேர்ந்தவர்கள் மாட்டெலும்புக்கு வழியில்லாமல் பன்றியெலும்பைக் கொதிக்கவைத்தார்கள், குக்பாப் பிறந்தது என்பது கதை. வடக்கத்திய குளிர்நூடுல்ஸுக்கு வேண்டிய மாவு கிடைக்காமல், நிவாரணமாக வந்த கோதுமை மாவில் செய்யப்போய் மில்மியோன் வந்தது என்பது இன்னொரு கதை. இரண்டாவதை நம்பலாம், மாவு வந்த வழி தெரிகிறது. முதலாவதில் ஒரு வம்பு இருக்கிறது. பூசானுக்கு வடக்கே மிர்யாங் என்ற ஊர்க்காரர்கள், போருக்கு முன்பே எங்கள் சந்தையில் இது விற்றது என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் சரியாக இருக்கலாம். எலும்பைக் கொதிக்கவைத்துச் சோறு போட யாருக்கும் போர் தேவையில்லை. ஆனால் சந்தையில் ஒரு மூலையில் விற்ற ஒன்று ஒரு நகரத்தின் சாப்பாடாக மாற, பசியோடு அவ்வளவு பேர் ஒரே இடத்தில் வந்து நின்றிருக்கவேண்டும்.

1950 நவம்பரில் அதே துறைமுகத்தில் இறங்கியவர்களில் நம்மவரும் உண்டு. பெயரிலேயே ஆற்காட்டைச் சுமந்த லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில் இந்தியாவின் 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு பூசானுக்கு வந்தது. இந்தியா சண்டையிடும் படையை அனுப்பவில்லை, மருத்துவர்களை அனுப்பியது. வடக்கே பியோங்யாங் வரை போனார்கள். டிசம்பரில் எல்லாரும் பின்வாங்கியபோது மருந்துகளையும் கருவிகளையும் விட்டுவர மனமில்லாமல், கைவிடப்பட்ட ஒரு நீராவி எஞ்சினைத் தேடிப்பிடித்து, ஆளுக்கு ஆள் வாளி கைமாற்றித் தண்ணீர் நிரப்பி, தாங்களே ஓட்டிக்கொண்டு தெற்கே வந்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பிரிவு கொரியாவில் இருந்தது. ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. கொரியர்கள் அவரை இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். சென்னையில் அவர் பெயரைச் சொன்னால் எந்த ரங்கராஜ் என்று கேட்பார்கள்.

உப்புக்கு வருகிறேன். சட்டி ஏன் உப்பில்லாமல் வருகிறது என்பதற்கு அந்தச் சந்தில் உட்கார்ந்தபடி ஒரு காரணம் கட்டினேன். வடக்கே ஹம்கியோங்கிலிருந்து வந்தவருக்கும் உள்ளூர் கியோங்சாங்காரருக்கும் உப்பின் அளவு வேறு. வடக்கத்தியச் சமையல் மென்மையானது, தெற்கே போகப்போக உப்பும் காரமும் ஏறும். ஒரே அண்டாவில் இத்தனை ஊர் நாக்குக்கும் சமைக்கவேண்டி வந்தால் என்ன செய்வது? யாருடைய அளவிலும் போடாமல் விட்டுவிடுவதே நியாயம். அழகான காரணம்தான், ஆனால் நிற்காது. சியோலின் மாட்டெலும்புச் சாறான சொல்லொங்தாங்கும் உப்பில்லாமலே வருகிறது. அதற்கும் இந்தப் போருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. எலும்புச்சாறுகளுக்கு அங்கே அதுதான் வழக்கம். என்றாலும் என் காரணத்தை நான் முழுக்கக் கைவிடவில்லை. ஒரு வழக்கம் எங்கே தொடங்கியது என்பது வேறு, அது எங்கே பொருந்திப்போனது என்பது வேறு.

சோறு தனியாக வந்தால் மூடிபோட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் வரும். தென்கொரியாவின் எந்த மூலையில் சாப்பிட்டாலும் ஏறக்குறைய அதே கிண்ணம். இதைக் கொரியரின் ஒழுங்குணர்வு என்று வியப்பவர்கள் உண்டு. உண்மையில் அது ஒரு அரசாணையின் மிச்சம். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் தென்கொரியாவில் அரிசி போதவில்லை. 1969 முதல் புதனும் சனியும் பகல்நேரத்தில் உணவகங்கள் அரிசிச்சோறு விற்கக்கூடாது. சோற்றில் கால்பங்கு பார்லி போன்ற வேறு தானியம் கலக்கவேண்டும். எலும்புச்சாற்றில் கோதுமைச் சேமியா சேரத் தொடங்கியதும் இந்தக் கெடுபிடியில்தான் என்கிறார்கள்; என் மேசைக்கு வந்த அந்தச் சேமியா உருண்டை, ஆக, பழைய பற்றாக்குறையின் வாரிசு. 1976இல் சியோல் நகராட்சி கிண்ணத்தையே அளந்துவிட்டது: குறுக்களவு 10.5 சென்டிமீட்டர், உயரம் 6 சென்டிமீட்டர், அதிலும் ஐந்தில் நாலு பங்குதான் சோறு. மீறினால் கடையை மூடவேண்டும். அதுவரை சோற்றுக் கிண்ணங்கள் பெரியவை. மேலே கும்பாரமாக ஏற்றி வைப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் எடுத்த புகைப்படங்களில் சாப்பிட உட்கார்ந்திருப்பவரின் முகத்தளவுக்குச் சோறு தெரிகிறது.

இன்னொரு பக்கம் விளைச்சலைக் கூட்டும் வேலையும் நடந்தது. சியோல் தேசியப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹோ முன்-ஹ்வே பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து உருவாக்கிய நெல்லுக்குத் தோங்கில் என்று பெயர் வைத்தார்கள். அதன் பெற்றோரில் ஒன்று ஐஆர் 8, தஞ்சாவூர் வயல்களில் நாம் கண்ட அதே குட்டை நெல். அரசாங்கம் கட்டாயப்படுத்திப் பயிரிடவைத்தது. எழுபதுகளின் பிற்பாதியில் தன்னிறைவு வந்தது. சுவைதான் வரவில்லை. ஒட்டிக்கொள்ளும் சோற்றுக்குப் பழகிய வாய்க்கு உதிர் உதிராக இருந்த தோங்கில் பிடிக்கவில்லை. குளிரும் அதற்கு ஆகவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வயல்களிலிருந்து போய்விட்டது. ஐஆர் 8 சோறு பற்றி நம் பெரியவர்களும் சுவையில்லை என்றுதான் குறை சொன்னார்கள்!

இப்போது நிலைமை தலைகீழ். 1970இல் தென்கொரியர் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 136 கிலோ அரிசி சாப்பிட்டார். 2024இல் 56 கிலோகூட இல்லை. விளைந்த அரிசியை என்ன செய்வதென்று அரசாங்கம் விழிக்கிறது. பக்கத்து மேசை இளைஞன் எழுந்து போனபோது சிவந்த சாறு முழுக்கக் காலி, எவர்சில்வர் கிண்ணத்தில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. பற்றாக்குறை நாளில் சுருக்கிய கிண்ணம் இன்று அவனுக்குப் பெரிது. அந்தப் பெண்மணி அதையும் சட்டிக்குள் கவிழ்த்து ஈரத்துணியால் மேசையை ஒரே இழுப்பில் துடைத்துவிட்டுப் போனார்.

அவரை எல்லாரும் 'இமோ' என்று அழைத்தார்கள். தாயோடு பிறந்தவளை அழைக்கும் முறை அது. நம் மெஸ்களில் பரிமாறுகிறவரை அக்கா என்பதுபோல. முறைசொல்லி அழைத்துவிட்டால் சம்பளம் பற்றிய பேச்சு கொஞ்சம் பின்னுக்குப் போய்விடும், இரண்டு நாட்டிலும்தான். இமோவுக்கு அறுபது வயதுக்குமேல் இருக்கும். முழங்கையில் வலிநிவாரணப் பட்டை ஒட்டியிருந்தார்.

பன்றியைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடித்துவிடலாம். தமிழில் பயணம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் நழுவுகிறார்கள். 'ஒருவகை இறைச்சிச் சூப்' என்று எழுதிவிட்டு அடுத்த கோயிலுக்குப் போய்விடுவார்கள். தமிழ்நாட்டில் பன்றிக்கறி விற்கிற கடையைக் கண்டுபிடிக்க விசாரிக்கவேண்டும். அது ஊரின் விளிம்பில், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மட்டும், தார்ப்பாய்க்குக் கீழே பலகை இல்லாமல் இருக்கும். மூவேந்தர் பேரிலும் செட்டிநாட்டுப் பேரிலும் நடக்கும் பெரிய அசைவ உணவகங்களின் நீண்ட பட்டியலில் ஆடு, கோழி, காடை, முயல் எல்லாம் இருக்கும், இது இருக்காது. காரணம் எல்லாருக்கும் தெரியும். யார் சாப்பிடுகிறார்கள் என்பதுதான் கறியின் தகுதியாகிவிட்டது.

கொரியா இதில் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. ஜோசோன் அரசர்கள் காலத்தில் பிராணிகளை அறுப்பவர்கள், தோல் வேலை செய்பவர்கள், கூடை முடைபவர்கள் எல்லாரும் பெக்ஜோங் என்று தனியே ஒதுக்கப்பட்டவர்கள். ஆண்கள் மற்றவர்போலக் குதிரைமயிர்த் தொப்பி அணியக்கூடாது. பட்டு கூடாது. ஓட்டு வீடு கூடாது. குடியிருப்பும் ஊருக்கு வெளியே. அவர்கள் அறுத்த மாட்டின் கறி மட்டும் ஊருக்குள் வரலாம். 1894இல் சட்டம் அந்த ஏற்பாட்டை ஒழித்தது. பழக்கம் சட்டத்தைக் கவனிக்கவில்லை. 1923 ஏப்ரலில் ஜின்ஜு நகரத்தில் ஹியோங்பியோங்சா என்ற சங்கம் தொடங்கப்பட்டது. பூசானிலிருந்து மேற்கே பேருந்தில் ஒன்றரை மணிநேரத்தில் போய்விடலாம். கறிக்கடைத் தராசைத் தங்கள் சமத்துவத்தின் பெயராகவே வைத்துக்கொண்டு அவர்கள் கேட்டது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவேண்டும், ஆவணங்களில் எங்கள் பிறப்பைக் குறித்துவைக்கக்கூடாது என்பவை போன்ற எளிய காரியங்கள். ஊர்க்காரர்கள் கொதித்தார்கள். அவர்களிடம் இனி மாட்டுக்கறி வாங்கமாட்டோம் என்று கட்டுப்பாடு போட்டார்கள். வைக்கம் தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டு. இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை.

இன்று தென்கொரியாவில் பெக்ஜோங் வழிவந்தவர் யார் என்று கண்டுபிடிக்க முடியாது. காலனிய ஆட்சி, பிரிவினை, போர், இடம்பெயர்வு, நகரமாதல் எல்லாம் சேர்ந்து ஊரையும் குடும்பத்தையும் குலுக்கிப்போட்டன. யார் எந்தத் தெருவிலிருந்து வந்தார் என்று சொல்ல ஆளில்லாமல் போயிற்று. மலைச்சரிவில் இடுகாட்டின்மேல் பக்கத்துப் பக்கத்தில் குடிசை போட்டவர்களுக்கு விசாரிக்க நேரமும் இருந்திருக்காது. நீதி வென்று ஒழிந்ததைவிட, சீட்டுக்கட்டு கலைந்துபோய் ஒழிந்தது அதிகம். லட்சக்கணக்கான சாவு அதற்கு விலை. இதை யாருக்கும் வழியாகச் சொல்லமுடியாது. ஆனால் சொம்யோன் சந்தில் கறியைச் சீவிக்கொண்டிருந்த பெண்ணின் கையைப் பார்த்து யாரும் எதையும் கணக்கிடவில்லை என்பது நான் கண்ணால் கண்டது. நூறாண்டுக்கு முன் அந்தக் கத்தியைப் பிடித்தவருடைய பெயர் ஆவணத்தில் சிவப்புப் புள்ளியோடு இருந்திருக்கும்.

இந்தியாவில் நம் சீட்டுக்கட்டு கலையவில்லை. உணவகங்கள் கொஞ்சம் கலைத்தன. 1957இல் திருவல்லிக்கேணி முரளீஸ் கபே வாசலில் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்காக மறியல் செய்தது, பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற ஒரு சொல்லுக்காக. அதற்கும் முன்பு ரயில் நிலையங்களில் சாப்பிடும் இடமே இரண்டாகப் பிரிந்திருந்தது. இன்று எந்த மேசையிலும் யாரும் உட்காரலாம். மேசைக்கு எது வரலாம் என்பதில்தான் பழைய பலகை இன்னும் தொங்குகிறது.

காசு கொடுக்க எழுந்தேன். பத்தாயிரம் வோனுக்குள் அடங்கியது. மிச்சத்தை விட்டுவரும் வழக்கம் அங்கே இல்லை. வைத்தால் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் இலவசக் காப்பி இயந்திரம், பாலும் சர்க்கரையும் சேர்ந்தே வரும். அந்தக் கலவைத்தூளைத் தென்கொரிய நிறுவனம் ஒன்று விற்பனைக்குக் கொண்டுவந்ததும் 1976இல்தான். சோற்றைக் குறைத்த ஆண்டிலேயே சர்க்கரையைக் கூட்டியிருக்கிறார்கள். கும்பகோணம் காப்பி குடித்து வளர்ந்தவன் என்ற முறையில் அதைப் பற்றி மேலும் எதுவும் சொல்ல விரும்பவில்லை. 2024இல் மிஷலின் வழிகாட்டி பூசானுக்கும் வந்துவிட்டது. சில குக்பாப் கடைகளின் வாசலில் இப்போது வரிசை நீள்கிறது, வெள்ளைப் பீங்கானில் தெளிந்த சாறு தருகிறார்கள் என்று கேள்வி. நன்றாகவே இருக்கும். எனக்கு வரிசையில் நிற்கப் பொறுமை கிடையாது.

ஊர் திரும்பியபின் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள், கொரியத் தொடர்களைப் பார்த்துத் தூக்கம் கெட்டவள். பூசானில் என்ன சாப்பிட்டேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சொன்னேன். அவள் பங்குக்கு, ஸ்ரீபெரும்புதூர்க் கார் ஆலைக்கு வந்த கொரியர்களுக்காகத் தொடங்கிய ஒரு உணவகத்தில் நண்பர்களோடு பன்றித்தொடைக்கறி சுட்டுச் சாப்பிட்டதை விவரித்தாள். கீரை இலையில் வைத்து, பூண்டு வைத்து, சோயா விழுது தடவி, ஒரே வாயில் போடவேண்டுமாம். தலைக்கு இரண்டாயிரம் ரூபாய் ஆயிற்றாம். அக்கா சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

"நம்ம பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஞாயித்துக்கிழமை போடுவாங்களே, அதை வாங்கிட்டு வரட்டுமா? இங்கேயே சுடலாம்" என்றேன்.

"அங்கயா மாமா?" என்றாள்.

"உங்க கடையிலயும் அந்தப் பக்கத்துல இருந்துதான் வருதோ என்னவோ" என்றேன். அக்கா உள்ளேயிருந்து குழம்புக்கு உப்புப் பார்க்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள்.